வடக்கே போகும் பெட்டி: துணி மக்கர் பண்ணினால் என்ன செய்வது

சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு வடக்கே கிளம்பும் குடும்பங்கள் மதுரையில் நிறைய. டெல்லி, அமிர்தசரஸ், ஹரித்வார், கேதார்நாத், பத்ரிநாத், காசி என்று 20 நாள் சுற்று. சமவெளியில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், கேதாரில் ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் குளிர். இரண்டுக்கும் ஒரே பெட்டிதான்.

மே மாதம் காலையில் நம் மொட்டை மாடிக் கொடியில் கைலியைப் போட்டால், இட்லி சாப்பிட்டு எழுவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்த வெயிலை நம்பியேதான் நாம் பெட்டி கட்டுகிறோம். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே ‘நாளுக்கு ஒன்று’ என்று துணியை எண்ணாதீர்கள். போகிற ஊரில் இது காய எத்தனை மணி நேரம் ஆகும் என்று பாருங்கள்.

கோளாறு 1: பெட்டி மூடவில்லை. ஜிப்பை இழுக்க ஒருவர் மேலே உட்கார வேண்டியிருக்கிறது

முதலில் எடை. ரயிலில் ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம் என்பதால் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் வரும்போது விமானம் என்றால் உள்நாட்டில் பெரும்பாலும் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோதான். எது குறைவோ அதற்குத்தான் கட்ட வேண்டும். போகும்போது 12 கிலோவைத் தாண்டாதீர்கள். காசியில் சேலை வாங்காமல் யாரும் திரும்புவதில்லை.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஜீன்ஸ், டர்க்கி டவல், ஜரிகைப் பட்டு, இவை மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். ஒரு ஜீன்ஸ் மட்டுமே முக்கால் கிலோவுக்குப் பக்கம் வரும். நனைந்தால் மலையில் இரண்டு நாளானாலும் காயாது. அதை வீட்டிலேயே விடுங்கள். டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு. இந்தப் பயணத்தில் துண்டுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது, மூன்றாம் கோளாறில் வரும். ஆளுக்கு ஒரு நல்ல உடுப்பு போதும், அதுவும் பட்டாக இருக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு: துவைத்துக் காயப்போட வழியில்லாமல் தொடர்ந்து எத்தனை நாள் ஓடும் என்று பாருங்கள். இந்தச் சுற்றில் ஹரித்வாரில் மலையேறினால் இறங்கும் வரை ஆறேழு நாள். உள்ளாடை அந்த நாள் கணக்குக்கு ஒன்றாக ஏழு. மேலே போடுவது குளிரில் வியர்வை பிடிக்காது, ஒன்றை இரண்டு மூன்று நாள் தாராளமாகப் போடலாம், ஆகவே நான்கு. ஆண்களுக்கு மெல்லிய பேண்ட் இரண்டு, முழுக்கைச் சட்டை நான்கு, வேட்டி ஒன்று, கைலி ஒன்று. பெண்களுக்கு சுடிதார் மூன்று, சேலை ஒன்று, நைட்டி இரண்டு. குளிருக்கானது தனிக் கணக்கு. 20 நாளுக்கு இது போதுமா என்று அத்தைமார் கேட்பார்கள். போதும்.

கோளாறு 2: ஸ்வெட்டர், சால்வை, மப்ளர் எல்லாம் போட்டும் நடுங்குகிறது

கொடைக்கானலை அளவுகோலாக வைத்துக் கட்டிய பெட்டிகளில் இது நிச்சயம் வரும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேல். கேதார்நாத் 3,583 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே கொடைக்கானல் குளிருக்குக் கீழே இன்னும் 9 டிகிரி போகிறது. அதற்கு மேல் பனிக்காற்று.

ஆனால் பெரும்பாலும் குறை ஸ்வெட்டரில் இல்லை. உள்ளே இருக்கும் பருத்திப் பனியனில்தான் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் ஏற்றம். குளிருமே என்று கீழேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறுகிறோம். இரண்டு கிலோமீட்டரில் முதுகு நனைகிறது. பருத்தி அந்த வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். நடக்கும் வரை தெரியாது. மேலே போய் தரிசன வரிசையில் நின்றதும் அந்த ஈரப் பனியன் ஐஸ் ஒத்தடம் போல முதுகில் ஒட்டும். அதற்குமேல் எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் நடுக்கம் நிற்காது.

சோதித்துப் பாருங்கள். கையைப் பின்னால் விட்டு, பனியனுக்குள் நடு முதுகைத் தொடுங்கள். ஈரமா? அப்படியானால் இன்னொரு சால்வை தேடாதீர்கள். ஒரு மறைவுக்குப் போய் மேலே உள்ள அத்தனையையும் கழற்றி, உலர்ந்த துண்டால் முதுகைத் துடைத்து, காய்ந்த உள்ளுடை ஒன்றைப் போட்டு, பிறகு பழையபடி அடுக்குங்கள். பத்து நிமிடத்தில் நடுக்கம் அடங்கும். இதற்காகவே ஆளுக்கு ஒரு செட் உள்ளுடையும் காலுறையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி, கையோடு இருக்கும் பையில் கிடக்க வேண்டும். காய்ந்த துணி போட்ட பிறகும் நடுக்கம் குறையாமல் பேச்சு குழறினால் அது துணிக் கோளாறு அல்ல. உடனே மருத்துவ முகாமுக்குப் போக வேண்டும்.

சரியான அடுக்கு இது. உடம்பை ஒட்டி தெர்மல் என்னும் குளிர்கால உள்ளுடை, தொளதொளவென்று இருந்தால் பயனில்லை. அதற்கு மேல் ஸ்வெட்டர் அல்லது ஃபிலீஸ் என்னும் மெத்தென்ற மேலாடை. வெளியே காற்றும் மழையும் புகாத ஜெர்கின். சூடு நிற்பது அடுக்குகளுக்கு இடையே உள்ள காற்றில். ஜெர்கின் இறுக்கமாக இருந்து உள்ளே உள்ளதை அமுக்கினால் அந்தக் காற்று போய்விடும். அதனால் ஜெர்கினை மட்டும் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஏறத் தொடங்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. எங்கே நின்றாலும் வியர்வை ஆறுவதற்கு முன்பே ஸ்வெட்டரை மாட்டிவிடுங்கள்.

சேலையைத் தவிர வேறு உடுத்தாத அப்பத்தாக்களை சுடிதார் போடச் சொல்லி வீட்டில் சண்டை வளர்க்க வேண்டாம். பூனம் சேலை எடுத்துக்கொள்ளுங்கள், எடையே தெரியாது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். உள்பாவாடைக்குள் தெர்மல் பேண்ட், அதன் அடியை காலுறைக்குள் செருக வேண்டும். ரவிக்கைக்குள் முழுக்கைத் தெர்மல். சேலையைக் கணுக்காலுக்கு நான்கு விரல்கடை மேலே ஏற்றிக் கட்டி, மடிப்பை ஊக்குப் போட்டு நிறுத்துங்கள். கரை சேற்றில் புரண்டால் ஈரம் முழங்கால் வரை ஏறும். ஒரு எச்சரிக்கை: பூனம் சேலையோடு விறகடுப்பு, கங்கை ஆரத்தி தீபம் பக்கம் போகக் கூடாது. அது பற்றினால் உருகி உடம்பில் ஒட்டும். ஹரித்வாரிலும் காசியிலும் பருத்திச் சேலைதான்.

குடை மலையில் உதவாது. காற்று மடக்கிவிடும், குதிரைகள் போகும் பாதையில் அது இடைஞ்சலும்கூட. மெல்லிய கவர் போன்ற ரெயின்கோட் ஒரு ஏற்றத்தில் கிழியும். தைத்து ஒட்டிய, பேண்ட்டும் சேர்ந்த ரெயின்கோட்டை ஊரிலேயே பார்த்து வாங்குங்கள். ஸ்வெட்டர் மட்டும் மே மாதத்து மதுரையில் தேடி அலைய வேண்டாம், ஹரித்வார் மோதி பஜாரில் எடுத்துக்கொள்ளலாம்.

கோளாறு 3: ராத்திரி துவைத்தது காலையிலும் ஈரம். பையில் வைத்ததும் நாற்றம்

சாதாரண அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட நிற்காது. துவைத்த பிறகும் அதே குணம்தான். மதுரை வெயில் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. ஜன்னல் திறக்க முடியாத மலை லாட்ஜில் அது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எடுத்துப் போகும் ஒவ்வொரு துணியையும் ராத்திரி ஒன்பது மணிக்கு அலசிப் பிழிந்து, ஜன்னல் சாத்திய அறையில், ஃபேன் இல்லாமல் தொங்கவிடுங்கள். காலை ஆறு மணிக்கு இடுப்புப் பட்டி, அக்குள் தையல், பாக்கெட் ஓரம் மூன்றையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கையை விடக் கன்னம் ஈரத்தை நன்றாகக் கண்டுபிடிக்கும். காயாதது மலைக்கு வரக் கூடாது.

பயணத்தில் காயவைக்கத் துண்டு முறைதான் கைகொடுக்கும். துணியைப் பிழிந்து, உலர்ந்த ஈரிழைத் துண்டின் மேல் சுருக்கமில்லாமல் விரியுங்கள். துண்டோடு சேர்த்துப் பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒரு முனையை நீங்களும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்து, எதிர் எதிராக முறுக்குங்கள். ஆள் இல்லையென்றால் சுருட்டைத் தரையில் போட்டு முழங்காலால் முனை முதல் முனை வரை அழுத்துங்கள். பிரித்தால் துண்டு கனத்திருக்கும், சட்டை வெறும் சில்லென்று இருக்கும். நாலு உதறு உதறி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, பாக்கெட்டை இழுத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் தொங்கவிடுங்கள். குளியலறையில் போடாதீர்கள். அங்கே காற்று ஓடாது, வெந்நீர் ஆவி வேறு. நாலு மீட்டர் நைலான் கொடிக்கயிறும் பத்து கிளிப்பும் 200 கிராமுக்குள் முடிந்துவிடும். கம்பளித் துணியை மட்டும் முறுக்கவோ தொங்கவிடவோ கூடாது, நீண்டுவிடும்.

கிளம்பும் நேரத்திலும் ஈரம் போகவில்லையா? கட்டிய கவரில் போட்டு மூடினால் சாயங்காலத்துக்குள் முடை அடிக்கும். வண்டியில் பையின் வெளியே கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஏற்கனவே நாற்றம் வந்துவிட்டதென்றால் வெறும் தண்ணீரில் அலசிப் பயனில்லை, சென்ட் அடிப்பது இன்னும் மோசம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, அக்குளில் சோப்புக் கட்டியைத் தேய்த்து, 20 நிமிடம் ஊறவிட்டு, பிறகு தேய்த்து அலசி, வெயில் கிடைக்கும் இடத்தில் காயப்போடுங்கள். பாலியஸ்டர் சீக்கிரம் காயும் என்றாலும் வியர்வை வாடையைப் பருத்தியை விட அதிகம் பிடித்துக்கொள்ளும். தினமும் ராத்திரி அலசுவதுதான் அதற்கு வழி.

அதற்காகப் பருத்தியை ஒதுக்கிவிடாதீர்கள். டெல்லி, காசி வெயிலில் வெளிர் நிறப் பருத்தி முழுக்கைக்கு இணை கிடையாது. அது ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அங்கே குளிர்ச்சி.

கோளாறு 4: சாயம் ஒட்டிவிட்டது

இது பெரும்பாலும் கங்கையில் குளித்த பிறகு நடக்கும். ஈர வேட்டியும் ஈரச் சுங்குடியும் ஒரே கவரில் போகும், அறைக்கு வந்து பார்த்தால் வேட்டியில் அரக்குத் திட்டுகள்.

காயவிடாதீர்கள். இஸ்திரி, வெயில், வெந்நீர் எதுவும் ஆகாது, சூடு பட்டால் சாயம் தங்கிவிடும். உடனே ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் வேட்டியை மட்டும் முக்கி, தண்ணீர் நிறம் மாற மாறக் கொட்டி மாற்றுங்கள். பிறகு சோப்புப் போட்டு அரை மணி ஊறவைத்து அலசுங்கள். அன்றைக்கே செய்தால் பெரும்பாலும் போய்விடும். மூன்று நாள் கழித்து என்றால் அந்த வேட்டி இனி வீட்டுக்குள் கட்டத்தான்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் வைத்தியம். சாயத் தொட்டியில் நூல் சாயம் ஏற உப்பு உதவும் என்பது உண்மை. கடையில் வாங்கிய சேலையில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை அது நிறுத்தாது. புதுச் சுங்குடியை ஊரிலேயே நாலைந்து தடவை தனியாக அலசி, ஈர வெள்ளைக் கைக்குட்டையால் கரையைத் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் பெட்டிக்குள் வைக்கலாம்.

கோளாறு 5: வாசலில் நிறுத்திவிட்டார்கள்

அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆண், பெண், குழந்தை எல்லோரும் தலையை மூட வேண்டும். துணி வாசலிலேயே கிடைக்கும், ஆனாலும் ஒரு காசித்துண்டோ துப்பட்டாவோ கையில் இருந்தால் வரிசையில் தேட வேண்டாம். செருப்போடு காலுறையும் கழற்ற வேண்டும். உள்ளே நுழையுமிடத்தில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்துத்தான் போவது முறை. தரையைத் தொடும் வேட்டியும் சுடிதார் பேண்ட்டும் அங்கே நனையும், ஒரு கையால் தூக்கிக்கொள்ளுங்கள். மே மாத மதியத்தில் பளிங்கு கொதிக்கும். விடிகாலையோ ராத்திரியோ போவது நல்லது.

திரும்பும்போது திருவனந்தபுரம் போவதாக இருந்தால் பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்களுக்கு வேட்டி மட்டும்தான், சட்டை கிடையாது. பேண்ட்டோடு போய் நின்றால் பக்கத்தில் வாடகை வேட்டி தேட வேண்டிவரும். அந்த ஒரு வேட்டியைப் பெட்டியின் மேலாக வையுங்கள். ஜூன் தொடக்கத்தில் அங்கே பருவமழை வேறு, அதனால் கனமான எட்டு முழம் வேண்டாம், மெல்லிய நாலு முழம்.

காசியில் படித்துறைக் குளியலுக்குப் பெண்கள் வெளிர் நிறமோ மெல்லிய துணியோ எடுக்க வேண்டாம், நனைந்தால் உடம்பு தெரியும். சேலையோடு இறங்கினால் தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும். அடர்நிறப் பழைய சுடிதார்தான் வசதி. துப்பட்டாவைக் கரையில் விட்டுவிடுங்கள்.

கோளாறு 6: வேண்டியது எப்போதும் பெட்டியின் அடியில்

மதுரையில் ஏறினால் டெல்லிக்கு ரயிலில் இரண்டு இரவு. ஏசி பெட்டியில் நடு ராத்திரி குளிரும்போது சால்வை சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டியில் இருக்கும். இதைப் பெட்டியை மாற்றி அடுக்கிச் சரிசெய்ய முடியாது, மூன்றாகப் பிரிக்க வேண்டும். ரயிலுக்கு ஒரு கட்டைப்பை: கைலி அல்லது நைட்டி, சால்வை, துண்டு, ஒரு செட் மாற்றுடை. மலைக்கு முதுகில் மாட்டும் பை, ஆளுக்கு 5 கிலோவுக்குள், குளிர்த் துணி முழுவதும் அதில், உள்ளே எல்லாம் பிளாஸ்டிக் கவரில். மீதி பெரிய பெட்டியில். அதை ஹரித்வார் விடுதியிலேயே விட்டுவிட்டு மலையேறலாம். பெரிய பெட்டி தவறினாலும் ஒருவரே முழுதும் இழக்காமல் இருக்க, கணவன் பெட்டியில் மனைவியின் ஒரு செட்டும், அவர் பெட்டியில் இவருடையதும் இருக்கட்டும்.

கோளாறு 7: குதிகாலில் கொப்புளம், தொடையில் உரசல்

புது ஷூ, அல்லது ஈரக் காலுறை. ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி, கொண்டு போகும் காலுறையும் முதுகுப் பையுமாக அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குங்கள். கடிப்பது அங்கேயே கடித்துவிடும். மலையில் எங்காவது சுருக்கென்று தோன்றிய உடனே நின்று, காலைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, காலுறையை மாற்றுங்கள். அடுத்த டீக்கடை வரை பொறுத்தால் கொப்புளம் உறுதி. நனைந்த ஷூவுக்குள் ராத்திரி பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, தூங்கப் போகும் முன் ஒரு தடவை மாற்றுங்கள். தொடை உரசலுக்கு முழங்கால் வரை வரும் ஒட்டிய உள் டிராயர்தான் மருந்து. பவுடர் வியர்வையில் களியாகி இன்னும் அறுக்கும், தேங்காய் எண்ணெய் மேல்.

கோளாறு 8: ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துப் பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை

காய்ந்தது போலத் தெரிந்த குளிர்த் துணிகளை அப்படியே உள்ளே வைத்ததால் வந்தது. வந்த மறுநாளே தெர்மல், ஜெர்கினைத் துவையுங்கள். ஸ்வெட்டரைப் பச்சைத் தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி, மாடியில் நிழல் விழும் இடத்தில் பாய் விரித்துக் கிடத்திக் காயவைத்துப் பிறகு மடியுங்கள். பெட்டியையும் முதுகுப் பையையும் எல்லா ஜிப்பையும் திறந்து, உள்பக்கம் வானம் பார்க்க, ஒரு முழு மத்தியானம் மொட்டை மாடி வெயிலில் போடுங்கள்.